பிரேக்கின் மேல் இரண்டு கால்கள்

தேர்வாளர் வ்ரோனா என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துத் திருப்பித் தந்தபோது, அதன் ஓரத்தில் சர்க்கரைப் பாகு ஒட்டியிருந்தது. அன்று கொழுத்த வியாழன். தவக்காலத்துக்கு முந்தைய அந்த ஒரு நாளில் போலந்து முழுவதும் ரோஜா ஜாம் அடைத்த டோனட்டைத்தான் தின்னும். அலுவலகங்களில் மேசைக்கு மேசை அட்டைப்பெட்டி திறந்திருக்கும். அவர் தின்றதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. விரலைத் துடைத்துக்கொண்டு அட்டையைத் தொட்டிருக்கலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் நான் சொன்னது "ரொம்ப நன்றிங்க" என்பது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அது என் ஆறாவது ஓட்டுநர் தேர்வு. நான் ஊர்ச் சுகாதார நிலையத்தின் செவிலி. பத்தொன்பது ஆண்டுகளாகக் கிராமத்து வீடுகளுக்குப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுகிறேன், ஊசி போடுகிறேன். புத்தாண்டோடு பேருந்தை நிறுத்திவிட்டார்கள். மார்ச் முதல் தேதிக்குள் உரிமம் இல்லாவிட்டால் என் பதினொரு வீடுகளும் வேறொருவருக்குப் போகும். எனக்கு மருத்துவக் கருவிகளைக் கொதிநீரில் சுத்தம் செய்யும் அறைதான் மிஞ்சும். மேலாளர் இதைக் கனிவாகத்தான் சொன்னார். அடுத்த தேர்வுக்கு நாள் கேட்டால் ஏப்ரலில்தான் தருவார்கள் என்பதால், எனக்கு இருந்தது அந்த வியாழக்கிழமை ஒன்றுதான்.

முந்தைய ஐந்து முறையும் நான் தோற்றதற்கு வ்ரோனா மட்டுமே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. முதல் முறை தேர்வுத் திடலில் வைத்திருந்த கூம்பை நானேதான் இடித்தேன். ஆனால் நான்காம் முறையும் ஐந்தாம் முறையும் அவரே வந்தார். ஐந்தாம் முறை, சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் எரியும் பச்சை அம்புக்குறியில் நான் முழுமையாக நிற்கவில்லை என்றார். அம்பு எரிந்தாலும் கோட்டில் நின்று, பார்த்து, பிறகுதான் வலப்புறம் திரும்ப வேண்டும் என்பது சட்டம். ஊரில் ஒருவரும் நிற்பதில்லை. வ்ரோனாவும் தம் சொந்தக் காரில் நிற்பதில்லை. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எல் பலகை வைத்த கார் மட்டும் நிற்க வேண்டும், நின்றால் பின்னால் இருப்பவர்களிடம் ஏச்சு வாங்க வேண்டும்.

அன்றைக்கு எல்லாம் ஒழுங்காகவே தொடங்கியது. காரில் காட்டச் சொல்லிக் கணினி எனக்குக் கொடுத்தவை, பிரேக் எண்ணெயும் பின்னோக்கு விளக்கும். என்ஜின் மூடியைத் தூக்கி எண்ணெய்க் குடுவையைத் தொட்டுக் காட்டினேன், விளக்கை எரியவைத்தேன். கம்பங்களுக்கு நடுவே வளைந்து முன்னே போய், வளைந்து பின்னே வந்தேன், ஒன்றும் சாயவில்லை. மேட்டிலும் கார் பின்னுக்கு உருளவில்லை. வேலிக்கு வெளியே என் பயிற்சியாளர் கிராட்சியன் இரண்டு கட்டை விரல்களையும் உள்ளங்கைக்குள் மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் ஊரில் ஒருவருக்கு நல்லது நடக்க வேண்டுமென்றால் அப்படித்தான் பிடிப்போம்.

பெண்களைப் 'பானி' என்றும் ஆண்களைப் 'பான்' என்றும் மரியாதையாக அழைப்பது எங்கள் நாட்டு முறை. கிராட்சியன் எனக்கு ஒரு வழக்கம் கற்றுத் தந்திருந்தார். "பானி சபினா, ஊசி போடறப்போ நோயாளிகிட்ட சொல்லிட்டுத்தானே போடுவீங்க? காருக்கும் சொல்லிட்டே ஓட்டுங்க. அது பயப்படாது, நீங்களும் பயப்பட மாட்டீங்க." அன்றிலிருந்து "கண்ணாடி பார்க்கிறேன், வேகம் குறைக்கிறேன், பாதசாரி, நிற்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லித்தான் ஓட்டுவேன். பயம் அதில்தான் அடங்கும். கண்ணாடிக்குக் கீழே இருக்கும் சிறிய கேமரா சாலையையும் எங்கள் முகத்தையும் எடுக்கும், பேச்சையும் பதியும். அதனால் தேர்வு மையத்தின் வாசலை விட்டு வெளியேறும் முன் அனுமதி கேட்பதே மரியாதை என்று நினைத்தேன்.

"பான் வ்ரோனா, என்ன செய்யறேன்னு சொல்லிக்கிட்டே ஓட்டலாங்களா?"

"எதுக்கு, ஜெபமா?"

"இல்லீங்க, பழக்கம்."

"காலைல இருந்து நீங்க அஞ்சாவது ஆளு. காது வலிக்குது, பானி. மனசுக்குள்ள பேசிக்கோங்க."

"சரிங்க. மன்னிச்சிடுங்க."

கேட்காமலேயே பேசியிருந்தால் என்ன செய்திருப்பார்? ஒன்றும் செய்திருக்க முடியாது. கேட்டேன், அதனால் மறுத்தார்.

நகரத்துக்குள் அரைமணி நேரம் வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன். "இந்த வேகத்துல போனா ஈஸ்டருக்குத்தான் திரும்புவோம்" என்றார். கொஞ்சம் வேகம் கூட்டியதும், "எங்க, தீயணைக்கப் போறோமா?" என்றார். இரண்டுக்கும் சிரித்து வைத்தேன். ஆற்றை நோக்கி இறங்கும் தெருவில், ரொட்டிக்கடை வரிசை நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்றது. அங்கேதான் அந்தச் சந்திப்பு; சிவப்பு விளக்கு, பக்கத்தில் பச்சை அம்பு.

கோட்டில் நின்றேன். முழுமையாக நின்றேன். மனத்துக்குள் மூன்று வரை எண்ணினேன். பின்னால் இருந்த வேன்காரர் ஒலிப்பானை விடாமல் அழுத்தினார்; பிறகு தலையை வெளியே நீட்டி, "ஏய் எல்லு! அம்பு எரியுது, கண்ணு தெரியலையா? வீட்டுக்குப் போய் டோனட் சுடு!" என்று கத்தினார்.

"கேட்டுச்சா? போகலாமே," என்றார் வ்ரோனா.

கிளட்சைக் கொஞ்சம் விட்டேன். கார் அரை அடி நகர்ந்தது. அப்போது வலப்பக்கம் நின்றிருந்த பால் வண்டியின் மறைவிலிருந்து, முகம் தெரியாத உயரத்துக்கு அட்டைப்பெட்டிகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு ஒருவர் பாதசாரிக் கடவையில் இறங்கினார். பாதசாரி, நிற்கிறேன். அது மனத்துக்குள்தான். என் கால் பிரேக்கில் அழுந்தியது. பெடல் தாழ்ந்தது, கார் நின்றது; பெட்டிக்காரரும் அங்கேயே நின்றார். அதன் பிறகுதான், பெடல் இன்னும் ஒரு விரற்கடை கீழே இழுபட்டதை என் பாதம் உணர்ந்தது. எல் கார்களில் தேர்வாளர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு; இரண்டையும் ஒரு கம்பி இணைத்திருக்கும், ஒன்று தாழ்ந்தால் மற்றதும் தாழும். தேர்வாளர் பிரேக்கைத் தொட்டால் தேர்வு அங்கேயே முடிந்தது.

"தேர்வு முடிஞ்சது, பானி. நான் பிரேக் போட வேண்டியதாப் போச்சு," என்றார். குரலில் கோபம்கூட இல்லை. கடையைச் சாத்துகிறவரின் நிம்மதிதான் இருந்தது. "அபாய விளக்கப் போட்டுட்டு இறங்குங்க. இடம் மாத்திக்கலாம், நான் ஓட்டிட்டுப் போறேன்."

என் விரல் தானாகவே போய் அபாய விளக்கை அழுத்தியது. "மன்னிச்சிடுங்க" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு.

"முதல்ல போட்டது நான்தாங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"என் காலுக்குத் தெரியும்."

"உங்க காலு சாட்சி சொல்லாது, பானி. பதிவு இருக்கு. மனு எழுதுங்க, பாப்பாங்க."

பதிவில் என்ன இருக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாலை இருக்கும், பெட்டிக்காரர் இருப்பார், எங்கள் இரண்டு முகங்களும் இருக்கும். கால்கள் இருக்காது. பேச விட்டிருந்தால், "பாதசாரி, நிற்கிறேன்" என்ற என் குரல் இருந்திருக்கும். அதை நானே அவரிடம் ஒப்படைத்துவிட்டு மன்னிப்பும் கேட்டிருந்தேன். பத்தொன்பது ஆண்டுகளாக, கதவைத் திறக்கத் தாமதித்த வீட்டிலும் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டவள் நான். ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

"இறங்குங்க, பானி. பின்னாடி எத்தனை வண்டி நிக்குது பாருங்க."

"இறங்க மாட்டேங்க."

"என்னது?"

கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டு, காது மந்தமான நோயாளியிடம் பேசுவதைப் போல உரக்கச் சொன்னேன். "என் பேரு சபினா துதெக். தெரு இறக்கத்துல இருக்கு. கிளட்சு முழுசா அழுத்தியிருக்கேன். கை பிரேக் போடல. கடவையில ஒருத்தர் நிக்கிறாரு. வண்டிய என் காலு பிடிச்சிருக்கு. பான் வ்ரோனா, தயவுசெஞ்சு உங்க கால எடுங்க."

"பைத்தியமா உங்களுக்கு? உருண்டு போய் அந்த ஆளு மேல ஏறும்!"

"ஏறாதுங்க. எடுங்க."

பின்னால் ஒலிப்பான்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. வேன்காரர் கதவைத் திறந்து இறங்கும் சத்தம் கேட்டது. பெட்டிக்காரர் நடுக் கடவையிலேயே நின்று, அடுக்கின் பக்கவாட்டில் தலையை நீட்டி எங்களைப் பார்த்தார். வ்ரோனாவின் கழுத்து சிவந்துவிட்டது.

"சரி, இந்தாங்க! எடுத்தாச்சு. இப்ப என்ன?" என்று கத்தியபடி இரண்டு கால்களையும் பின்னால் இழுத்து முழங்காலை உயர்த்திக் காட்டினார்.

கார் அசையவில்லை. நான் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், "எடுத்துட்டாரு. வண்டி உருளல," என்றேன். வ்ரோனா பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் குனிந்து தம் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அவர் பக்கத்துப் பெடல், மேலே யாருடைய காலும் இல்லாமல், என் கால் பிடித்திருந்த அளவுக்குத் தாழ்ந்தபடியே இருந்தது.