வெடிக்காத ஓஸ்

கும்மிடிப்பூண்டியில் ரப்பர் ஓஸ் குழாய் செய்யும் யூனிட்டில் பதினோரு வருடமாக எனக்கு ஒரே வேலை. ஓசுக்குள் அழுத்தம் ஏற்றி, வெடிக்கிறதா என்று பார்ப்பது. எங்கள் தெருவில் தண்ணீர் மோட்டார் முதல் துணி துவைக்கிற மெஷின் வரை நான் கொண்டுவந்த ஓஸ்தான். ஒன்றுகூட வெடித்ததில்லை என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பழைய காரில் பிரேக் ஓஸ் விரிசல் விட்டிருந்தது. எஞ்சின் காற்றை உறிஞ்சும்; அந்த உறிஞ்சல் இந்த ஓஸ் வழியாகப் போய்த்தான் பிரேக்குக்குப் பலம் கொடுக்கும். மெக்கானிக் ஜோசப், "கார் கம்பெனி ஓஸ் வர ரெண்டு நாள் ஆவும் சாம்சன், வெயிட் பண்ணு" என்றார்.

"எனக்கே ஓஸ் கதையா?" என்று சிரித்துவிட்டு, எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் போகிற எங்கள் யூனிட் ரேடியேட்டர் ஓசில் ஒரு துண்டு வெட்டி நானே மாட்டினேன். தெருவில் ஒரு சுற்று ஓட்டினேன். பிரேக் சொன்ன பேச்சு கேட்டது. பெருமை தாங்காமல், மீதித் துண்டை மச்சான் தானியேலின் வேனுக்கும் மாட்டிக் கொடுத்தேன்.

திங்கள் காலை எட்டரைக்கு சூப்பர்வைசர் துளசிராமன் புது மெஷின் ஒன்றைக் காட்டினார். "இது உள்ள இருக்கிற காத்த உறிஞ்சிப் பாக்குற மெஷின்யா. உன் ரேடியேட்டர் ஓஸ் ஒண்ணு மாட்டு."

சூடேற்றி உறிஞ்சினோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஓஸ் மெதுவாக உள்வாங்கி, சப்பையாக ஒட்டிக்கொண்டது. உள்ளே காற்று போக வழியே இல்லை. உள்ளிருந்து தள்ளினால் அசையாத ஓஸ், உறிஞ்சினால் படுத்துவிடுகிறது. பதினோரு வருடத்தில் நான் அதை யோசித்ததே இல்லை.

என் காரில் மாட்டியதும் இதே ஓஸ்தான். எஞ்சின் நன்றாகச் சூடாகாமல் இது தெரியாது. தெருவில் ஒரு சுற்றில் எப்படித் தெரியும்? என் மனைவி சோனியா அந்நேரம் மகள் கிரேசைப் பின்சீட்டில் வைத்து, மீஞ்சூர் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிக்கொண்டிருப்பாள். காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில். ஓஸ் ஒட்டிக்கொண்டால், மிச்சமிருக்கும் உறிஞ்சலில் முதல் இரண்டு மிதிக்குப் பிரேக் கேட்கும். மூன்றாவதற்குக் கேட்காது.

போன் போட்டேன். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனை எடுக்கவே கூடாது என்று போன கிறிஸ்துமஸில் வீட்டில் எல்லோரிடமும் பைபிள் மேல் சத்தியம் வாங்கியவன் நான்தான். கர்த்தாவே, அவள் சத்தியத்தை மீறட்டும் என்று வேண்டிக்கொண்டே மறுபடி மறுபடி போட்டேன்.

பதினேழாவது தடவை எடுத்தாள். "பிரேக்கு கல்லாட்டம் ஆயிடுச்சிங்க. ரெண்டு காலாலயும் மிதிச்சி, ஹேண்ட் பிரேக்க இழுத்துதான் நிறுத்தினேன். முன்னாடி லாரிக்கு ஒரு முழந்தான் கீது. பாப்பா அழுதுகினு இருக்கா."

"சாவிய எடுத்துடு. பாப்பாவ தூக்கிக்கினு எறங்கு. வண்டிய தொடாத."

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். துளசிராமன் தண்ணீர் கொண்டுவந்தார். சோனியா இன்னும் போனை வைக்கவில்லை.

"ஏங்க," என்றாள், "எங்க அண்ணன் வேனுக்கு நேத்து இன்னா ஓஸ் மாட்டினீங்க?"

ஒன்பது மணி ஷிப்டுக்குப் பதினெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு தானியேல் வந்துகொண்டிருப்பான். போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவனும் என்னிடம் சத்தியம் செய்தவன்.