பதினேழு ஊதா நட்டுகள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நான் சொல்வதற்கு முன்பே கடைக்கு வருகிறவர்கள் சொல்லிவிடுவார்கள். காருக்கு அலங்கார சாமான் விற்கிற கடையின் கவுண்டரில் பதினான்கு வருடமாக நிற்கிறேன். விளக்கு, சைலன்சர், சீட் உறை, அலாய் வீல் எல்லாம் முன்பக்கம் என் பொறுப்பு. பின்பக்கம் பட்டறை. இங்கே வாங்கியதை அங்கே மாட்டிக்கொண்டு போகலாம். ஒன்றும் தெரியாமல் வந்து எல்லாம் தெரிந்த மாதிரி பேசுகிறவர்களை நான் சும்மா விடுவதில்லை. "காரு ஓட்டுறதுக்கு வாங்கினீங்களா, பக்கத்து வீட்டுக்காரன் பாக்கறதுக்கு வாங்கினீங்களா?" என்று கேட்பேன். சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். எல்லோருக்கும் நான் கவுண்டர் அக்கா.

வீல் நட்டு கேட்டு வருகிறவர்களிடம் ஒன்றை மட்டும் சலிக்காமல் சொல்வேன். மரையைக் காரைப் பார்த்து எடுக்க வேண்டும், அடியை வீலைப் பார்த்து எடுக்க வேண்டும். நட்டின் உள்ளே இருக்கிற மரை காரின் போல்ட்டில் ஏறுகிறது. நட்டின் அடி வீலின் துளையில் போய் உட்காருகிறது. சில வீலுக்கு அந்த அடி உருண்டையாக இருக்க வேண்டும், சிலதுக்குக் கூம்பாக. கம்பெனியோடு வந்த வீலுக்கு உருண்டை என்றால், அதே காருக்கு வெளியே வாங்கி மாட்டுகிற வீலுக்குக் கூம்பு தேவைப்படும். மாற்றிப் போட்டால் இறுக்கும்போது ஒன்றும் தெரியாது. நூலளவு விளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்கும். பத்து நாள், இருபது நாள் ஓடியதும் தானாகக் கழன்று வரும்.

இதை ஆயிரம் பேருக்குச் சொன்னவள், கூடப் பிறந்த தம்பிக்குத் தப்பான நட்டை எடுத்துக் கொடுத்தேன்.

தம்பிக்கு அந்தக் கார்தான் உயிர். பழைய கார். அதைத் தரையோடு தரையாக இறக்கி, சைலன்சரை மாற்றி, தெருவில் போனால் ஜன்னல் கண்ணாடி அதிரும்படி செய்து வைத்திருந்தான். கடைசியாக அகலமான அலாய் வீல் நான்கு வாங்கினான். அதற்கு ஊதா நிறத்தில்தான் நட்டு வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

"ஊதாவா? நீ என்ன பத்தாங்கிளாஸ் பொண்ணா?"

"அக்கா, நீ சாமானை எடு. கலரப் பத்தி உன்கிட்ட யாரு கேட்டா?"

"கறுப்பு போட்டா கண்ணியமா இருக்கும்டா."

"உன் வயசுக்கு கறுப்பு சரி. எனக்கு ஊதா."

இப்படிப் பதினைந்து நிமிடம் மல்லுக்கு நின்றோம். எனக்குச் சிரிப்பும் எரிச்சலுமாக வந்தது. பேசிக்கொண்டே அலமாரியில் கையை விட்டேன். அவன் கார் எனக்கு மனப்பாடம். மரை இவ்வளவு, அடி உருண்டை. அப்படியே எடுத்து இருபதையும் பையில் போட்டு, மேலே என் கையெழுத்தையும் போட்டு உள்ளே அனுப்பினேன். உருண்டை அவனுடைய பழைய வீலுக்கு உரியது என்பது அந்த நிமிடம் எனக்கு உறைக்கவே இல்லை. சண்டை போட்ட சுவாரஸ்யத்தில் வீலை மறந்து காருக்கு நட்டு எடுத்திருக்கிறேன்.

பட்டறையில் வீல் மாட்டுகிறவரை டக்கு அண்ணன் என்று கூப்பிடுவோம். அவர் நட்டு முறுக்குகிற டார்க் ரெஞ்சு, சரியான இறுக்கம் வந்ததும் 'டக்'கென்று சத்தம் போடும். சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிடுவார். பிறகு மஞ்சள் பெயின்ட் பேனாவால் நட்டிலிருந்து வீலுக்கு நேராக ஒரு கோடு போடுவார். நட்டு அசைந்தால் கோடு விலகிவிடும், பார்த்ததுமே தெரிந்துவிடும். டக் சத்தம் கேட்காமல் அவர் கோடு போட்டதே கிடையாது. என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

அன்றைக்கு அவர் ஒரு நட்டை விரலில் உருட்டிக்கொண்டே கவுண்டருக்கு வந்தார்.

"தங்கச்சி, இது இந்த வீலுக்குத்தானா? அடி வேற மாதிரி தெரியுது."

தம்பி பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். எனக்குச் சுருக்கென்றது.

"அண்ணே, பதினாலு வருஷத்துல நான் எடுத்துக் குடுத்தது எப்பவாவது தப்பாயிருக்கா? நீங்க உங்க வேலையப் பாருங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். இருபது முறை டக் சத்தம் கேட்டது.

பதினெட்டாவது நாள், வளைவில் திரும்பும்போது முன்பக்க இடது வீல் தனியாகக் கழன்று ஓடிவிட்டது. கார் சாய்ந்து நடுத்திட்டில் மோதியது. எதிரே வண்டி எதுவும் வராததால் தம்பி பிழைத்தான். இடது முன்கை இரண்டாக முறிந்து, உள்ளே தகடு வைத்தார்கள்.

முறிந்த கையைத் துணியில் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் அவன் கடைக்குத்தான் வந்தான். வலியை மிஞ்சிய கோபம். நாங்கள் எல்லோரும் நிற்க, டக்கு அண்ணனைப் பார்த்து, "முறுக்கினியா இல்லையா? ஒரு வீலை அப்படியே விட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டியா?" என்று கத்தினான். அவர் அவனுக்குத் தகப்பன் வயதுக்காரர். முதலாளி தம்பியைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். டக்கு அண்ணனை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் தம்பியின் காரை இழுத்துவந்து பட்டறையில் போட்டார்கள். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் குனிந்து பார்த்தேன். மற்ற மூன்று வீலிலும் மஞ்சள் கோடு உடைந்திருந்தது. நட்டில் பாதி, வீலில் பாதி, ஒன்றுக்கொன்று விலகி. அதாவது, அவர் இறுக்கிக் கோடு போட்ட பிறகுதான் அசைந்திருக்கிறது. ஒரு நட்டைக் கையாலேயே கழற்றினேன். துளைக்குள்ளே மெல்லிய வளையமாக ஒரு தேய்மானம் மின்னியது. உருண்டை அடி விளிம்பில் மட்டும் தொற்றி நின்ற தடம்.

அப்போது நான் செய்ததை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. பதினைந்து ஊதா நட்டுகளையும் கழற்றினேன். கூம்பு நட்டு எடுத்துவந்து மாட்டினேன். பெயின்ட் தின்னரில் துணியை நனைத்து, வீல்களில் மிச்சமிருந்த மஞ்சள் கோடுகளை அழுத்தித் துடைத்தேன். முதலாளி திரும்பி வந்து கேட்டபோது, "பாதுகாப்புக்கு எல்லாத்தையும் மாத்திட்டேன்" என்றேன். அவர் என் சமயோசிதத்தைப் பாராட்டினார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில், ரோட்டில் பொறுக்கியது என்று தம்பி இரண்டு நட்டுகளைக் கொடுத்தான். கழன்ற வீலில் இருந்தவை. இரண்டிலும் மஞ்சள் கோடு இருந்தது. அது என்ன என்று அவனுக்குத் தெரியாது. பதினைந்தும் இரண்டும் பதினேழு. பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு, சமையலறை மேல்தட்டில் சாமான்களுக்குப் பின்னால் தள்ளினேன். தூக்கிப் போட மனம் வரவில்லை. தூக்கிப் போடவில்லை என்கிற அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு நான் அவ்வளவு கெட்டவள் இல்லை என்று எட்டு மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதலாளி டக்கு அண்ணனை வேலையை விட்டு அனுப்பவில்லை. அவரே போய், "எனக்கு வீல் வேலை வேண்டாம், கார் கழுவுறேன், காத்து அடிக்கிறேன்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். காற்று அடித்துவிட்டு மூடியைப் போடுவார், திரும்பி வந்து மூடியைத் தொட்டுப் பார்ப்பார், கார் வாசலைத் தாண்டும்போது கையைக் காட்டி நிறுத்தி மறுபடியும் தொட்டுப் பார்ப்பார். பட்டறைப் பையன்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டார்கள். நான் கவுண்டரிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். நாளைக்குத் தம்பி மனைவியின் முகம் நினைவுக்கு வரும், தம்பியின் கைத்தழும்பு நினைவுக்கு வரும். கவுண்டர் அக்காவா இப்படி என்று ஊரே கேட்கிற மாதிரி இருக்கும். வாயை மூடிக்கொள்வேன். என் வாய் மூடியிருந்தது வாழ்க்கையிலேயே அந்த எட்டு மாதம்தான்.

போன வாரம் ஒரு மத்தியானம் டக்கு அண்ணனின் மகள் தன் காரைக் கொண்டுவந்து பட்டறையில் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். புதிதாக வாங்கிய பழைய கார். வெளியே வாங்கிய வீல்கள். ஒன்றில் பஞ்சர். டக்கு அண்ணன் கவுண்டருக்கு வந்து, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, வேற கடையில நல்ல வீல்காரன் யாராவது தெரியுமா?"

"எதுக்கு அண்ணே? நம்ம பசங்க இருக்காங்களே."

"அவனுங்களுக்கு நான் சொல்லிக் குடுத்ததுதானே." அவர் தன் கைகளைப் பார்த்தார். "என் கைய நம்பி என் பொண்ண ஏத்த மாட்டேன்."

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

"அண்ணே, அது நீங்க இல்ல. நான்தான். தப்பான நட்ட நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எட்டு மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நீ இப்படி ஏதாவது சொல்லுவேன்னு எனக்குத் தெரியும். உனக்கு வாய்தான் நீளம், மனசு தங்கம். வீட்டுல கூட சொல்லுவேன், அந்தத் தங்கச்சி ஒருத்திதான் அன்னைக்கு என்னை ஒரு வார்த்தை சொல்லலன்னு."

"நான் நிஜமா சொல்றேன் அண்ணே."

"போதும்மா. எனக்காக நீ பழியத் தூக்கிக்காதே."

அவர் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் கடையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். பத்து நிமிட நடை. நாற்காலி போட்டு ஏறி, டப்பாவை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். காற்று அடிக்கும் இடத்தில், அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சில், பதினேழையும் கொட்டினேன்.

அவர் முதலில் நிறத்தைப் பார்த்தார். பிறகு ஒன்றை எடுத்துத் திருப்பினார். கட்டைவிரலால் மஞ்சள் கோட்டைத் தடவினார்.

"இது என் கோடு."

"இந்த ரெண்டும் கழண்டு ஓடின வீல்ல இருந்தது. தம்பி ரோட்டுல பொறுக்கினான். எல்லாத்தையும் நீங்க முறுக்கியிருக்கீங்க. அடியப் பாருங்க, உருண்டை. அந்த வீலுக்குக் கூம்பு போட்டிருக்கணும். கார் வந்த அன்னைக்கே நான் பாத்துட்டேன். பாத்துட்டு மாத்தினேன். வீல்ல இருந்த கோட்டையும் துடைச்சேன்."

நட்டின் உருண்டை அடியைச் சுற்றி ஒரு கோடு மாதிரி தேய்ந்திருந்தது. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடுத்ததை எடுத்தார். பதினேழையும் பார்த்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"நான் உன்கிட்ட வந்து கேட்டேன்," என்றார். குரல் மிகவும் தணிந்திருந்தது. "அடி வேற மாதிரி தெரியுதுன்னு... கேட்டேன்தானே?"

"கேட்டீங்க அண்ணே."

"கேட்டேன்னுதான் நினைச்சேன். அப்புறம் நீ ஒண்ணுமே சொல்லலையா, கேக்கவே இல்ல போலன்னு ஆயிடுச்சு. எனக்கு மறதி வந்துடுச்சுன்னு டாக்டர்கிட்ட போனேன். தலைய ஸ்கேன் எடுத்தாங்க."

எனக்கு அழுகை வந்தது. அழுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று அடக்கிக்கொண்டேன். அவர் நட்டுகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டார்.

நான் அங்கிருந்து நேராக முதலாளி அறைக்குப் போனேன். ஒன்று விடாமல் சொன்னேன். அங்கேயே நின்று தம்பிக்கும் போன் செய்தேன். அவன் முழுவதையும் கேட்டான். பிறகு, "அவரு எனக்கு அப்பா மாதிரி இருந்தாரேக்கா, அவரப் போய் நான்..." என்று சொல்லி போனை வைத்துவிட்டான். முதலாளி, யோசித்துச் சொல்கிறேன் என்றார். என்ன சொன்னாலும் சரி என்றேன்.

நான் கவுண்டருக்குத் திரும்பியபோது பட்டறையிலிருந்து சத்தம் வந்தது. டக். பையன்கள் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டக்கு அண்ணன் மகளுடைய காரின் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். டக். மஞ்சள் பேனாவை வாயில் கவ்வியிருந்தார். டக். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு தடவை. கோடு போட்டார், அடுத்ததற்குப் போனார். திரும்பி வந்து தொட்டுப் பார்க்கவில்லை.

நான்கோடு நின்றது. அவர் எழுந்து, ஐந்தாவது நட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மரை தேய்ந்துபோயிருந்தது. அதை மேஜைமேல் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இதே மாதிரி ஒண்ணு எடுத்துக் குடுங்க, மேடம்," என்றார். "வீலப் பாத்து எடுங்க."

நான் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, வீலைப் பார்க்கப் போனேன்.