பதினைந்து கிராம் ஸ்ட்ரைக்கர்

ரெனிதா வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. மெக்னீசியத்தை உருக்கி, அதில் சிலிக்கன் கார்பைடு என்கிற பீங்கான் வகைப் பொடியைக் கலந்து வார்ப்பாள். எடை அதிகம் ஏறாமல் உலோகம் உறுதிப்பட வேண்டும். வார்த்த கம்பிகளைச் சோதனை அளவுக்குக் கடைந்து தர வேண்டியவர், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருந்த தேவராஜ்.

மூன்று வாரமாக அவர் கம்பிகளைத் தொடவேயில்லை.

“இன்னாம்மா, கோலமாவக் கொட்டிக் கிண்டி எட்தாந்துகீற. லேத்துல வெச்சா உதிர்ந்துடும். அப்பால பாக்கலாம்.”

மதியம் ஒரு கேரம் ஆட்டம் போடாமல் அவருக்குச் சோறு இறங்காது. பட்டறையில் அவரை ஜெயித்தவர் கிடையாது. ரெனிதாவும் நசரத்பேட்டையில் அண்ணன் பிராங்கோடு மல்லுக்கட்டி ஆடிப் பழகியவள்தான். அதை அவரிடம் சொல்லவில்லை. கல்லூரியின் சின்ன லேத்தில் ஒரு நாள் முழுக்கப் போராடி, தன் கலவை உலோக வில்லை ஒன்றை ஸ்ட்ரைக்கராகக் கடைந்தாள். ஆய்வகத் தராசில் சரியாகப் பதினைந்து கிராம், ஆட்ட விதி அனுமதிக்கும் எடை. மறுநாள் மதியம் அதோடு பட்டறைக்குப் போனாள்.

“ஒரு கேம் போடலாமாண்ணா? நான் ஜெயிச்சா நாளைக்கே என் கம்பி.”

“தோத்தா?”

“மூட்டை கட்டிக்கிட்டுப் போயிடறேன்.”

தேவராஜ் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். கால் மணி நேரத்தில் சிரிப்பு போய்விட்டது. சிவப்புக் காயைப் போட்டு, அதற்கு ஃபாலோவும் போட்டு, தன் காய்களை முடித்து அவள் நிமிர்ந்தபோது அவருடைய காய்கள் ஐந்து பலகையிலேயே கிடந்தன.

“ஸ்ட்ரைக்கர்ல இன்னாவோ கீது. உள்ள ஈயம் வெச்சிகினு ஏமாத்துற!”

“துளை போட்டுப் பாருங்களேன்,” என்றாள் பரம சாதுவாக.

அவர் அதை வைஸில் இறுக்கி ட்ரில்லை இறக்கினார். பாதி ஆழம்கூடப் போகவில்லை, கீச்சென்று கத்தியது. எடுத்துப் பார்த்தால் பிட்டின் முனை மழுங்கியிருந்தது. வேறு பிட் மாட்டினார். அதுவும் மழுங்கியது. சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“இன்னா கண்றாவிம்மா இது?”

“உங்க கோலமாவுதாண்ணா.”

அவர் அவளை முறைத்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். மறுநாளே, லேத்தில் கடினமான கார்பைடு வெட்டுளி மாட்டி எல்லாக் கம்பிகளையும் கடைந்து கொடுத்தார். ஸ்ட்ரைக்கரை மட்டும் தரவில்லை. பக்கத்துப் பட்டறைக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, “துளை போடு மாமே, பாக்கலாம்” என்று அவர்கள் பிட்டுகளை மழுக்கிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் அவளுடைய ஆய்வு வழிகாட்டி, பேராசிரியர் அருள்மொழி வில்லைகளை எண்ணிப் பார்த்தார்.

“ஒண்ணு குறையுதே?”

“தேய்மானச் சோதனைல இருக்கு சார்.”

“எந்த லேப்ல?”

“அம்பத்தூர்ல சார். இன்னும் தேயலையாம்,” என்றாள் ரெனிதா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.