உப்புப் போட்ட ஐஸ்

குட்டியானை வண்டியிலிருந்து ஃபிரிட்ஜை இறக்கிக் கடை வாசலில் வைத்ததும் யாகப்பன் அதன் முதுகுப் பக்கம் போய்க் குனிந்து மோந்து பார்த்தார். கடலூர் முதுநகர் துறைமுகத்தில், ஐஸ் கம்பெனியில் ஐஸ் பார் தூக்கியே தேய்ந்த உடம்பு அவருடையது. எங்கே காஸ் கசிந்தாலும் அந்த மூக்குக்குத் தெரிந்துவிடும். வாடை எதுவும் வரவில்லை. வராததே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

“இன்னாய்யா, பெயின்ட் மட்டும் புதுசா இருக்குது. உள்ள இருக்கிறது எந்தக் காலத்துது?”

பழைய கடைச் சாமான் வாங்கி விற்கும் உத்திராபதி தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து உதறினான். “ஏன் பெருசு, ஃபிரிட்ஜ் வாங்குறியா, மருமவன் பாக்குறியா? மூணு வருஷந்தான் ஓடியிருக்குது. மேல்பட்டாம்பாக்கத்துல ஒரு மெடிக்கல்ல இருந்தது. அந்தாளு கடைய மூடிட்டான்.”

“ஏன் மூடுனான்?”

“லோன் கட்ட முடியல.”

யாகப்பனின் மகள் பெலிசியா கைப்பையைத் திறந்து பாக்கிப் பணத்தை எண்ணாமல் எடுத்துக் கொடுத்தாள். எண்ணாமல் கொடுத்தது யாகப்பனுக்குப் பிடிக்கவில்லை. உத்திராபதி எண்ணாமல் வாங்கிக்கொண்டது அதைவிடப் பிடிக்கவில்லை.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அந்தக் கடை. பெலிசியா டிப்ளமோ ஃபார்மசி முடித்துப் பதினோரு வருஷமாக அடுத்தவன் மெடிக்கலில் நின்றே கால் நரம்பு சுருண்டவள். சொந்தமாக ஒன்று வைக்கலாம் என்று கிளம்பிய பிறகுதான் ஒரு சின்ன மருந்துக் கடை எவ்வளவு பெரிய வாயைத் திறக்கும் என்பது தெரிந்தது. ரேக்கும் கண்ணாடிக் கவுன்டரும் ஒன்றே முக்கால் லட்சம். ஏசி, பில் போடும் கம்ப்யூட்டர், கடை அட்வான்ஸ், லைசென்ஸ் வாங்க அலைந்த செலவு. அதற்கும் மேலே சரக்கு. வெறும் ரேக்கைக் காட்டி யாரிடம் காசு வாங்க முடியும்? பாங்கில் கொடுக்கிறேன் என்றார்கள். ஆனால் மொத்தத்தில் கால்வாசியை நீ போடு, மிச்சத்துக்கு ஒரு பத்திரத்தை வை என்றார்கள். மருமகன் சகாய ஆனந்த் லாரி ஓட்டுகிறவன். அவன் பேரில் இருந்தது ஒரு லைசென்ஸும் இரண்டு அபராதச் சீட்டும்தான்.

யாகப்பன் ஆறு மாதம் முதுநகர் வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்கவில்லை. கையெழுத்துப் போடச் சொல்கிற இடத்தில் எழுதியிருப்பது என்ன என்று படிக்கத் தெரியாதவன், படித்துச் சொல்கிறவனை நம்ப வேண்டியிருக்கிறது. அவர் அப்படி யாரையும் நம்பிப் பழகவில்லை. ஐஸ் கம்பெனியில் கூலியை வாங்கி அங்கேயே மூன்று தடவை எண்ணுவார். மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். பூசையில் உண்டியல் சுற்றி வரும்போதுகூட அது போய்ச் சேரும் இடம் வரை கண் போகும். கடைசியில் ஒருநாள் பெலிசியா வந்து, “வேணாம்பா, நான் நின்னுகினே செத்துப் போறேன்” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். அந்தச் செருப்பு ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்ததைப் பார்த்தார். அவள் அம்மாவும் அப்படித்தான் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பாள், கால் போவதற்கு முன்னால். பெட்டியிலிருந்து பத்திரத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். கூடவே மனைவி வியாகுலமேரியின் ரெண்டு வடச் சங்கிலியையும்.

சங்கிலியை அடகு வைத்த பணம் முழுக்க இன்சுலினுக்குப் போனது. மற்ற மருந்துகளுக்கு ஸ்டாக்கிஸ்ட் ஒரு மாதம் தவணை கொடுப்பான், விற்காததைத் திருப்பியும் எடுத்துக்கொள்வான். குளிர் சரக்குக்கு மட்டும் கைக்காசு, திருப்பி எடுக்கிற பேச்சே கிடையாது. பெலிசியா அதற்குத் துணிந்ததற்குக் காரணம் இருந்தது. பழைய கடையில் அவள் கையால் மருந்து வாங்கிய சர்க்கரை நோயாளிகள், நீ எங்கே போனாலும் அங்கேயே வருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் வந்தால் கடை நிற்கும். கடை நின்றால் முதுநகர் வீடு நிற்கும்.

திறப்பு விழாவுக்கு முந்தின சாயங்காலம் கடையை மந்திரித்து ஆசீர்வதிக்கப் பங்குச் சாமியாரைக் கூப்பிடப் போயிருந்தாள் பெலிசியா. யாகப்பன் கடையில் தனியாக இருந்தார். தன் பங்குக்கு ஒரு சாமான் கொண்டுவந்திருந்தார். மூடி போட்ட பழைய அலுமினியப் பெட்டி. கரண்ட் போனால் மருந்தை இதில் வைக்கலாம், இதற்கு லோனும் வேண்டாம், வட்டியும் வேண்டாம் என்று காலையில் சொன்னபோது பெலிசியா சிரித்தாள். “ஏம்பா, இதுல மீன் வாடை அடிக்கும்பா.” மீன் வாடை அடிக்காது. அதில் அவர் மீன் வைத்ததே இல்லை.

வியாகுலமேரிக்கு இன்சுலின் ஊசி போட ஆரம்பித்த காலத்தில் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. மண்பானையில் தண்ணி ஊற்றி, அதற்குள் ஒரு டப்பாவில் வையுங்கள், போதும் என்று ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொன்னாள். பெலிசியாவும் போனில் அதையே சொன்னாள். யாகப்பன் சரி சரி என்றார். மனசுக்குள், ஃபிரிட்ஜ் வாங்க வக்கில்லாதவனுக்குச் சொல்கிற வைத்தியம் இது என்று நினைத்துக்கொண்டார். பானைக் குளிர்ச்சி ஒரு குளிர்ச்சியா? அவர் கையில் ஐஸ் கம்பெனியே இருந்தது. தினமும் வேலை முடிந்து ஒரு துண்டு பாரை உடைத்துச் சாக்கில் சுற்றிக் கொண்டுவருவார். பெட்டியில் தட்டிப் போட்டு மேலே ஒரு கை கல்லுப்பைத் தூவுவார். லோடு ஏறித் தூரம் போகும் மீனுக்குத் துறைமுகத்தில் அப்படித்தான் செய்வார்கள். உப்பு விழுந்த ஐஸ் வெறும் ஐஸைவிடப் பல மடங்கு கடிக்கும், விரல் வைக்க முடியாது. நடுவில் மருந்துக் குப்பி. காலையில் எடுத்தால் கல்லாக இருக்கும். அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வாசப்படியில் உட்கார்ந்திருப்பார். கரைந்ததும் அவள் குத்திக்கொள்வாள். புயல் அடித்த நாளில்கூட ஐஸ் கொண்டுவராமல் இருந்ததில்லை.

ஆனாலும் சர்க்கரை இறங்கவில்லை. சோதித்துப் பார்க்கும்போதெல்லாம் ஏறியே இருந்தது. “நீ திருட்டுத்தனமா தின்னுற” என்றார் யாகப்பன். இல்லை என்றாள். சீனி டப்பாவைப் பூட்டி வைத்தார். திருவிழாவில் பக்கத்து வீட்டு ஜோதி மேரி கொடுத்த கேக்கை அவர் முன்னாலேயே வியாகுலமேரி கோழிக்குப் போட்டாள். அப்படியும் இறங்கவில்லை. ஒருநாள் அவள் தாடையைப் பிடித்துத் தூக்கி வாயை மோந்து பார்த்தார். “வேளாங்கண்ணி மாதா சத்தியமா ஒண்ணும் தின்னலைங்க” என்று அழுதாள். அவர் நம்பவில்லை. விரல் போயிற்று, பிறகு பாதம், போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆளே போனாள்.

அந்தச் சாயங்காலம் யாகப்பன் ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு குப்பியைத் தொட்டுப் பார்த்தார். வெறுமனே ஜில்லென்று இருந்தது, கடிக்கவில்லை. மேல்பட்டாம்பாக்கத்துக்காரன் முழுகிப்போனது இதனால்தான் இருக்கும். அவர் நினைத்தபடியே உத்திராபதி தலையில் கட்டிவிட்டான். ஆனால் மேலே இருந்த சின்ன ஐஸ் அறை மட்டும் நன்றாகக் கடித்தது. ஒவ்வொரு மருந்துப் பெட்டியாக எடுத்து அதற்குள் அடுக்கினார். குளிரைக் கூட்டும் திருகையும் கடைசி வரைக்கும் திருகினார். மகள் வந்ததும் ஷட்டரை இறக்கிப் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்கள்.

காலையில் சீரியல் பல்பு மாட்டி, வியாகுலமேரியின் படத்துக்கு மாலை போட்டு முடித்த பிறகுதான் பெலிசியா ஃபிரிட்ஜைத் திறந்தாள். திறந்தபடியே நின்றாள்.

“யாருப்பா இத மேல வெச்சது?”

“நான்தான். கீழ குளுரவே இல்ல. அவன் உன்ன ஏமாத்திப்புட்டான் பாப்பா. நான் அன்னிக்கே சொன்னேன்.”

அவள் ஒரு பெட்டியைப் பிரித்துக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்தாள். வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. இன்னொன்றைப் பிரித்தாள். இன்னொன்றை. பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். யாகப்பனுக்கு அவள் முகம் போன போக்கு புரியவில்லை.

“எதுக்கு இப்பிடி உக்காந்துட்ட? கெட்டியாத்தான் இருக்கும். கையில வெச்சு உருட்டுனா கரைஞ்சிடும். கொண்டா, சாமியார் வர்றதுக்குள்ள நான் பாதி உருட்டிடுறேன்.”

ஒரு குப்பியை எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டார். பழகிய குளிர் உள்ளங்கையில் ஏறியது.

“கரையும்பா.” பெலிசியாவின் குரல் தரையிலிருந்து வந்தது போல இருந்தது. “பாக்க பழையபடிதான் இருக்கும். கொஞ்சம் திப்பி திப்பியா நிக்கும், அவ்ளோதான். ஆனா ஒரு தடவ உறைஞ்சிட்டா அது செத்துப் போச்சு. குத்துறதும் ஒண்ணு, குத்தாததும் ஒண்ணு. சக்கர இறங்காது.”

யாகப்பன் சிரிக்கப் பார்த்தார். “ஒரு தடவ உறைஞ்சாலேவா?”

“ஒரு தடவ போதும்.”

“ஜாஸ்தி டோஸ் போட்டா?”

“எவ்ளோ போட்டாலும் தண்ணிதாம்பா.”

திப்பி திப்பியாக. அவர் அதைப் பார்த்திருக்கிறார். மருந்தின் சத்து மிதக்கிறது என்று வியாகுலமேரியிடம் காட்டியும் இருக்கிறார். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். ஏசிக் காற்றில் சீரியல் பல்பு ஆடியது.

பெலிசியா எழுந்தாள். பில் கம்ப்யூட்டரில் ஏறியிருந்த கணக்கு, சங்கிலி, பாங்கு, வரப்போகிற ஆட்கள் எல்லாம் அவள் கண்ணில் ஓடுவது தெரிந்தது. ஆனால் அவள் கேட்டது வேறு.

“உனக்கு எப்பிடிப்பா தெரியும்?”

“இன்னாது?”

“கையில வெச்சு உருட்டுனா கரையும்னு.”

அவர் வாயைத் திறந்தார். ஐஸ் கம்பெனியில் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பாள், அவள் அவரைப் போல இல்லை. பதிலுக்குக் காத்திருந்தவள் கண் மெல்ல அவரை விட்டு, கவுன்டருக்குக் கீழே இருந்த அலுமினியப் பெட்டிக்குப் போனது. குனிந்து மூடியைத் திறந்தாள். எத்தனை கழுவினாலும் போகாமல் விளிம்பு முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. அதை ஒரு விரலால் தேய்த்து நாக்கில் வைத்தாள்.

உப்பு, ஐஸில் தூவுகிற கல்லுப்பு.

பிறகு ஃபிரிட்ஜிலிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து அந்த அலுமினியப் பெட்டிக்குள் போட ஆரம்பித்தாள். வீசவில்லை. தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது போல வைத்தாள். மூடியை அழுத்திச் சாத்திக் கவுன்டருக்குக் கீழே தள்ளிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். சாமியார் வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், கையில் காலிக் குப்பியைத் துணியில் சுற்றிப் பிடித்தபடி ஒரு வயதான அம்மாள்.

“இன்னிக்கி இன்சுலின் இல்லம்மா” என்று பெலிசியா அவளிடம் சொல்வது கேட்டது. “ரெண்டு நாள் பொறுத்துக்கங்க. அதுவரைக்கும் பழைய கடையிலயே வாங்கிக்கங்க. வீட்ல பானையிலதான வெச்சிருக்கீங்க? ஐஸ்ல மட்டும் வெச்சிடாதீங்க.”

சாமியார் செபத்தை ஆரம்பித்தார். எல்லோரும் கை கூப்பினார்கள். யாகப்பனால் கூப்ப முடியவில்லை. வலது கைக்குள் அந்தக் குப்பி இருந்தது. அது கரைந்து வெதுவெதுப்பாகி வெகு நேரமாகிவிட்டது. தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்த சாமியார் ரேக்குகளைத் தாண்டி, ஃபிரிட்ஜைத் தாண்டி, வியாகுலமேரியின் படத்தைத் தாண்டி அவரிடம் வந்தார். மூடிய கைமேல் துளிகள் விழுந்து விரல் இடுக்கில் இறங்கின. யாகப்பன் கையைத் திறக்கவில்லை.