படிக்கட்டில் நின்ற பீரோ

தம்பி உருவாக்கிய வீடியோ கேமில் சண்டை கிடையாது, துப்பாக்கி கிடையாது. வீடு காலி செய்யவேண்டும், அவ்வளவுதான். மேல்மாடியிலிருந்து நாற்காலி, மெத்தை, கட்டில் என்று ஒவ்வொன்றாகத் தூக்கி, குறுகலான படிக்கட்டு வழியாகத் தெருவில் நிற்கும் வண்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். வீடு மாற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அது எப்பேர்ப்பட்ட போர் என்று.

நாற்காலியும் மெத்தையும் எல்லோருக்கும் இறங்கின. பீரோதான் இறங்கவில்லை. விளையாடிப் பார்க்க வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பீரோ வந்ததும் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, பரவாயில்லை என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். கேமை வாங்கி வெளியிட முன்வந்திருந்த கம்பெனிக்காரர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: வெள்ளிக்கிழமை வருகிறோம், பீரோவில் ஆள் இப்படியே நின்றுபோனால் எங்களுக்கு வேண்டாம். அவர்கள் வேண்டாம் என்றால், தம்பி சம்பள வேலையை விட்டுவிட்டு ஓர் ஒற்றை அறையில் அடைந்து உழைத்ததெல்லாம் ஆற்றோடு போனமாதிரிதான்.

அதனால்தான் அக்காவைக் கூப்பிட்டான். ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க நேரம் பதிகிற திரைகளை வடிவமைக்கிறவள் அவள். பயனர் அனுபவ வடிவமைப்பாளர் என்று அவளுடைய அட்டையில் போட்டிருக்கும். காய்ச்சலோடு வருகிறவர் ஒரு நொடிகூட மூளையைக் கசக்கக்கூடாது, கை போகிற இடத்தில் பட்டன் இருக்கவேண்டும். அதில் அவள் பலே கெட்டிக்காரி. லீவு போட்டுவிட்டு வந்தாள். ஒரே நாளில் பீரோவை வழிக்குக் கொண்டுவந்தாள். எங்கே நிமிர்த்தவேண்டுமோ அங்கே ஓர் அம்புக்குறி, எந்தப் பக்கம் திருப்பவேண்டுமோ அங்கே பச்சை வெளிச்சம்; அதில் கொண்டுபோய் வைத்தால் பீரோ தானாகவே திரும்பிக்கொள்ளும். அடுத்து வந்தவர்கள் எல்லோரும் பீரோவை இறக்கிவிட்டார்கள்.

ஆனால் ஒருவர் முகத்திலும் சிரிப்பைக் காணோம். இறக்கினார்கள், எழுந்தார்கள், கவுண்டரில் ரசீது வாங்கிக்கொண்டு போகிறவர்களைப்போலப் போய்விட்டார்கள்.

"அக்கா, இது ஆஸ்பத்திரி இல்ல" என்றான் தம்பி. "இங்க யோசிக்கிறதுக்குத்தான் வர்றாங்க. அதையும் நீயே யோசிச்சுக் குடுத்துட்டா அவங்களுக்கு என்ன மிச்சம்?"

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமாக அடுத்தவர் தலைவலியைக் குறைத்தே பேர் வாங்கியவள். காசு கொடுத்துத் தலைவலி வாங்க வருகிறவர்களை என்ன செய்வது? பேசாமல் பீரோவையே எடுத்துவிடலாம் என்றான் அவன். சொன்னானே தவிர, முகம் தொங்கிப்போயிற்று. அந்த விளையாட்டின் உயிரே பீரோதான் என்று இருவருக்கும் தெரியும்.

அம்புகளையும் தானாகத் திரும்புவதையும் எடுத்துவிட்டு இன்னும் ஓர் ஆள் விளையாடட்டும், இந்தத் தடவை நான் திரையைப் பார்க்கப்போவதில்லை, ஆளைத்தான் பார்க்கப்போகிறேன் என்றாள் அக்கா. அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் தம்பியின் மாமியார். மகள் இங்கே கொடுத்துவைத்திருந்த வீட்டுச் சாவியை வாங்க வந்தவர். மாப்பிள்ளைக்கு விளையாட்டுதான் தொழில் என்று சொந்தக்காரர்களிடம் சொல்ல வாய் வராமல், கம்ப்யூட்டரில் ஏதோ பெரிய வேலை என்று பூசி மெழுகிக்கொண்டிருப்பவர். அக்கா அவரைப் பிடித்து உட்காரவைத்துக் கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தாள்.

தம்பிக்கு ஒரு கெட்ட பழக்கம். விளையாடுகிறவர் கொஞ்சம் தடுமாறினாலும் போதும், "இடது பக்கம், இடது பக்கம்" என்று வாய் தானாகத் திறந்துகொள்ளும். அதற்கு அக்கா ஒரு மருந்து கண்டுபிடித்திருந்தாள். ஆள் விளையாடி முடிக்கிறவரை அவன் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு நிற்கவேண்டும். கன்னம் இரண்டும் உப்ப நின்றவனை மாமியார் ஏற இறங்கப் பார்த்தார்.

"பல்வலியா மாப்பிள்ளை?"

ஆமாம் என்றா, இல்லை என்றா என்று தெரியாதபடி தலையை ஆட்டிவைத்தான்.

நாற்காலி இறங்கியது. மெத்தை இறங்கியது. பீரோ வந்ததும் மாமியார் தன் தோளையே சாய்த்தார், கழுத்தைத் திருப்பினார். நிமிர்த்தி வைத்து, கதவுப் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பினால் வந்துவிடும் என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். அச்சு அசலாக அதுதான் விடை. ஆனால் திருப்பப் போனபோதெல்லாம் பீரோ நழுவியது. நழுவினால் மறுபடி மேல்மாடியிலிருந்துதான் தொடங்கவேண்டும். திரும்பத் திரும்ப அப்படியே ஆனதும் அவர் கன்ட்ரோலரை நீட்டிவிட்டார்.

"எனக்கு இதெல்லாம் வராதும்மா. மூளை மழுங்கிப்போச்சு."

அக்கா அதை வாங்கவில்லை. அவருடைய கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிடிக்கிற பட்டனும் வலப்பக்கம், திருப்புகிற பட்டனும் வலப்பக்கம். பிடியை விடாமல் திருப்பவேண்டும், அங்கே இருப்பதோ ஒரே ஒரு கட்டைவிரல். அது திருப்பப் போனால் பிடி போய்விடும். நாற்காலிக்கும் மெத்தைக்கும் திருப்பும் வேலையே இல்லாததால் அதுவரை ஒருவரும் மாட்டவில்லை.

"நீ எப்படிடா திருப்புற? செஞ்சு காட்டு."

தம்பி செய்து காட்டினான். கட்டைவிரல் பிடித்திருக்க, ஆள்காட்டி விரலை நண்டுக் கால்போல மடக்கி மேலிருந்து அமுக்கினான். மாதக்கணக்கில் விளையாடி விளையாடி விரல் தானாகப் பழகிக்கொண்ட வித்தை அது. தன் கையை அன்றைக்குத்தான் அவனே பார்த்தான். சிரிப்பு வந்து, வாயிலிருந்த தண்ணீர் மொத்தமும் சட்டையில் கொட்டியது.

"உங்க மூளைக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று மாமியாரிடம் சொன்னாள் அக்கா. "விடை உங்களுக்கு எப்பவோ வந்துருச்சு. விரலுக்குத்தான் நாங்க வழி விடல." பிறகு தம்பி பக்கம் திரும்பினாள். "மூளை படுற கஷ்டம் உன் சரக்கு, அதுல நான் கை வைக்கல. விரல் படுற கஷ்டம் என் பொறுப்பு."

ஒருமுறை அமுக்கினால் பிடிக்கும், மறுமுறை அமுக்கினால் விடும் என்று மாற்றினார்கள். அதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது. மாமியார் சாவியை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டும் கிளம்பவில்லை, மறுபடி கன்ட்ரோலரைக் கையில் எடுத்தார். சுவரில் இடித்தார், கைப்பிடியில் மாட்டிக்கொண்டார், பீரோவை வாய்க்கு வந்தபடி ஏசினார். கடைசியில் அது தெருவுக்கு வந்தபோது முதுகை நாற்காலியில் சாய்த்து, ஒரு நிஜப் பீரோவை இறக்கியவரைப்போல அப்பாடா என்று மூச்சு விட்டார்.

வெள்ளிக்கிழமை கம்பெனியிலிருந்து ஓர் அம்மாளும் அவருடைய உதவியாளரும் வந்தார்கள். உள்ளே நிற்கத் தெம்பில்லாமல் தம்பி வெளியே போய்விட்டான். அந்த அம்மாள் பீரோவோடு மல்லுக்கு நின்றார். உதவியாளர் பொறுக்கமாட்டாமல் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"சும்மா இருங்க, நானே இறக்கிக்கிறேன்" என்று அவரை அடக்கினார் அந்த அம்மாள்.

அக்காவின் வயிற்றில் பால் வார்த்தது அந்தச் சொல். அதன்பிறகு பீரோ இறங்கியதும், எடுத்துக்கொள்கிறோம் என்று அவர்கள் கைகுலுக்கியதும் அவளுக்குப் பாதிதான் மனதில் பதிந்தது.

தம்பி வாசல் படியில் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தான். அவள் வந்து விஷயத்தைச் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான். இருவரும் தெருவில் போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரமாக இறுகிக் கிடந்த தோள்பட்டை அப்போதுதான் அவளுக்கு இளகியது.

"கேம்ல அடுத்து வர்ற வீட்டுல ஃபிரிட்ஜ் வைக்கப்போறேன் அக்கா. உள்ள முட்டையோட."

"தாராளமா வை. முட்டை உடைஞ்சா உடையட்டும். எதனால உடைஞ்சுதுன்னு விளையாடுறவங்களுக்குப் புரியணும், அவ்வளவுதான்" என்றாள் அக்கா.