யார் வீட்டு மாடு?

"அடுப்புல சுட்டுக்கிட்டேன்னு சொல்லு. வேற பேச்சு வாயில வந்துதுன்னா, அப்புறம் இந்த வீட்டுப் படி ஏறாதே."

ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் குமுஷ் தன் மருமகள் பெர்மெட்டின் கையில் துணியை இறுக்கிக் கட்டினாள். விரலில் ஒரு புண், அதன் நடுப்பகுதி கறுத்திருந்தது. முழங்கை வரை வீக்கம். ஆனால் வலியே இல்லை. அதுதான் பெர்மெட்டுக்குப் பயமாக இருந்தது.

நாலு நாளைக்கு முன் வீட்டுப் பசு கால் மடங்கி விழுந்தது. உயிர் போகுமுன் மாமனார் அறுத்துவிட்டார். கிர்கிஸ் வீட்டில் குடல் கழுவுவது மருமகள் வேலை. கழுவினாள். ரத்தம் தார் மாதிரி இருந்தது, உறையவில்லை.

"அத்தே, மாட்டு டாக்டருக்குச் சொல்லிடலாமே."

"சொன்னா பெட்ரோல் ஊத்தி எரிப்பான். பதிலுக்கு உங்கப்பன் மாடு ஓட்டிக்கிட்டு வருவானா?"

கிழவி சொன்னதும் பொய்யில்லை. உண்மை சொன்னவனின் மாட்டை எரித்து வெறுங்கையோடு விடுகிறது சட்டம். மறைத்தவனின் இறைச்சிக்குப் பார்க்காமலே முத்திரை குத்துகிறான் அதிகாரி. இப்படி ஆண்டால் எந்த ஏழை வாய் திறப்பான்? இறைச்சி நிலவறையில் தொங்கியது. விடிந்தால் சந்தைக்கு.

ஆஸ்பத்திரியில் துணிக்கட்டை அவிழ்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"இது சுட்ட புண்ணா? மாட்டுலேருந்து தொத்துற அடைப்பான் நோய்! யாரு வீட்டு மாட்ட அறுத்தீங்க?"

"ஊர்ல எத்தனையோ மாடு, தாயி. இவ கூலிக்குப் போன இடம். யாருதுன்னு நாங்க கண்டோமா?" என்றாள் குமுஷ்.

"பேர் தெரியாம எந்த இறைச்சிய நிறுத்தச் சொல்றது? சந்தையில வாங்கித் தின்னா ஜனம் சாகும். நீ சொல்லும்மா, யாரு?"

மருமகள் மாமனார் பெயரை உச்சரிப்பது அங்கே வழக்கமில்லை. அவர் பெயரின் முன்பாதிக்கு அவர்கள் மொழியில் இரும்பு என்று பொருள் என்பதற்காக, ஏழு வருஷமாக இரும்பையே 'கெட்டிச் சாமான்' என்றுதான் சொல்லி வந்தாள். குமுஷ் அந்தத் தைரியத்தில்தான் கூடவே நின்றாள்.

பெர்மெட் தன் கையைப் பார்த்தாள்.

"டெமிர்பெக்," என்றாள். "என் மாமனார். எங்க வீட்டு மாடுதான். நிலவறையில தொங்குது."

குமுஷ் முகத்தில் அறைந்துகொண்டாள். "ஐயோ, மாமனார் பேரச் சொல்லிட்டாளே! எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இனி ஊருக்குள்ள நடப்பேன்?"

டாக்டரம்மா பேனாவை எடுத்தாள். "இன்னொரு தடவ சொல்லும்மா."

பெர்மெட் சொன்னாள். இந்தத் தடவை வெளியே வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்டது.