பத்து கழிச்சாச்சா?

அட்டை என்று ஊரே கூப்பிடுகிறவரின் ஒர்க் ஷாப்பில் இருந்த அளவு டேப்புக்கு முதல் பத்து சென்டிமீட்டர் கிடையாது. ஒருநாள் மும்முரமாகக் கிரைண்டர் பிடித்துப் பைப் வெட்டியவர், டேப்பின் தலையையும் சேர்த்து வெட்டிவிட்டார். புது டேப் வாங்கியிருக்கலாம். ஆனால் உயிரோடு இருக்கிற சாமானைத் தூக்கிப் போடுவது அவர் ரத்தத்திலேயே இல்லை.

அன்றிலிருந்து எதை அளந்தாலும் வருகிற எண்ணில் பத்தைக் கழிக்க வேண்டும். நோட்டில் டேப் காட்டுவதை அப்படியே எழுதுவார்; கழிப்பதெல்லாம் வெட்டும்போது, இரும்பு ஸ்கேல் வைத்துக் கோடு போடுகையில்தான். எழுதும்போதே கழித்தால் என்ன குறைந்துவிடும் என்று மனைவி ஒருமுறை கேட்டாள். "நோட்டுன்னா பாத்ததை எழுதணும், நெனச்சதை எழுதக்கூடாது" என்றார். அதில் என்ன நியாயம் என்று அவருக்கே தெரியாது. சொன்ன தோரணை நன்றாக இருந்ததால் அதுவே வழக்கமாகிவிட்டது.

ஞாபகப்படுத்துவது மச்சினனின் வேலை. மனைவியின் தம்பி, வண்டி ஓட்டுவதில் சூரன். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, பத்து கழிச்சாச்சா?" என்பான். கழித்த பிறகும் கேட்பான். ஏதோ விண்ணப்பப் பாரத்தில் அவர் வயது நாற்பத்தெட்டு என்று எழுதியபோதும் கேட்டான். "கழிச்சா உங்க அக்காவுக்கு நான் தம்பி ஆயிடுவேன்டா" என்றார் இவர். இரண்டு வருடமாக அந்த ஒரே ஜோக்கை இருவரும் தேயத் தேய ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த இரண்டு வருடமும் அவர்கள் கட்டிக்கொண்டிருந்தது ஒரு பழைய பிக்கப் வண்டியின் பின்பக்கத்தை. காட்டுமேட்டில் பாய்கிற பந்தயத்துக்கான வண்டி. பட்டை ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, பக்கத்துக்கு ஒன்றாக நீளமான இரும்புக் கை, அதன்மேல் ஆள் தொடை மொத்தத்துக்கு ஷாக் அப்சார்பர். பின்சக்கரம் மேலும் கீழுமாக அறுபது சென்டிமீட்டர் போய்வர வேண்டும். பள்ளத்தில் விழுந்தாலும் ஓட்டுகிறவனின் இடுப்புக்குச் சேதி போகக்கூடாது என்பதுதான் லட்சியம். ஸ்பிரிங் இல்லாமல் ஜாக்கி வைத்து ஆக்ஸிலை விரல் விரலாக ஏற்றி இறக்கி, எங்கே எது இடிக்கிறது என்று பார்த்தார்கள். ஒவ்வொரு பாகத்தையும் முதலில் அட்டைப்பெட்டியில் வெட்டி மாட்டிப் பார்ப்பார். பட்டப்பெயர் வந்தது அதனால்தான். பிடித்தால் விடமாட்டார், அதனால்தான் அந்தப் பெயர் என்று சொல்கிறவர்களும் உண்டு, அவர் மறுத்ததில்லை.

அட்டையில் வெட்ட முடியாத ஒரே சாமான் வார். தடித்த நைலான் வார். வண்டி அந்தரத்தில் பறக்கும்போது ஆக்ஸில் அளவுக்கு மீறித் தொங்காமல் பிடித்துக்கொள்வது அதுதான். நீளம் கூடினால் பாரம் முழுக்க ஷாக்கில் விழும். ஷாக் பிய்ந்தால், சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் உருவிக்கொண்டு மண்ணில் குத்தும். வண்டி கோலூன்றித் தாண்டுகிறவன் மாதிரி தலைகுப்புறப் போகும். வாரின் நீளத்தை நோட்டில் வட்டம் போட்டு எழுதியிருந்தார்: 62.

பந்தயத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது மச்சினனுக்கு முதுகுவலி வந்தது. "இந்த வருஷம் என்னால ஓட்ட முடியாது மாமா, மன்னிச்சுக்குங்க." அட்டை தைலம் வாங்கிக் கொடுத்தார். நண்பன் ஒருவன் வீடு மாறுகிறான் என்று மச்சினன் ஒர்க் ஷாப் வேனை ஒரு ஞாயிறு கேட்டான். சாவியைக் கொடுத்தார். மறுநாள் பார்த்தால், மூலையில் குப்பையாகக் கிடந்த அட்டை மாதிரிகளெல்லாம் அளவு வாரியாக அழகாக அடுக்கப்பட்டிருந்தன.

"உன் தம்பிக்குப் பொறுப்பு வந்துடுச்சு" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். இப்போது நினைத்தால் அந்த வாக்கியத்துக்காகத் தன்னையே கிரைண்டரில் கொடுக்கலாம் போலிருந்தது.

பந்தய மைதானத்தில் காலை ஒன்பது மணி. வண்டிகள் வரிசையாக நின்றன. வேறு ஆள் கிடைக்காததால் அட்டையே ஓட்டுவதாக ஏற்பாடு. பக்கத்து சீட்டில் மனைவி, அவர் உயிருக்கு அவளே பொறுப்பு என்ற முகத்தோடு. இரண்டு வண்டி தள்ளி, பளபளவென்று மஞ்சள் பிக்கப் ஒன்று. ஊரிலேயே பெரிய ஒர்க் ஷாப்பின் முதலாளியுடையது. அதன் பின்பக்கத்தைப் பார்த்ததும் அட்டையின் கால் நின்றுவிட்டது. பெற்ற பிள்ளையை வேறொருவர் சட்டையில் பார்ப்பது போல இருந்தது. அதே நீளக் கை. அதே வளைவு. கையின் நடுவில் நீள்வட்டமாக ஓர் ஓட்டை.

அந்த ஓட்டை அவர் வண்டியில் கிடையாது. அது ஃபிரிட்ஜ் வந்த பெட்டியில் கைவிட்டுத் தூக்குவதற்கு இருந்த ஓட்டை. அந்த அட்டையில்தான் மாதிரி வெட்டியிருந்தார். யாரோ அதையும் விடாமல் இரும்பில் இழைத்து எடுத்திருந்தார்கள்.

"எடையைக் குறைக்கிற ஓட்டை சார்" என்றார் மஞ்சள் வண்டி முதலாளி, கேட்காமலே. "சும்மா இல்ல, பெரிய கணக்கு."

"தெரியும். தூக்கிட்டுப் போக வசதியா இருந்திருக்குமே" என்றார் அட்டை.

வண்டிக்குப் பின்னாலிருந்து ஹெல்மெட்டோடு ஒருவன் எழுந்தான். முதுகுவலி சுத்தமாகக் குணமாகியிருந்தது.

"மாமா…"

"தைலம் வேலை செஞ்சிருக்கு போல."

மச்சினன் தலையைக் குனிந்தான். முதலாளி நகர்ந்ததும் குரலைத் தாழ்த்தினான். "பந்தயத்துல எப்ப ஓட்டலாம்னு கேட்டப்பெல்லாம் அடுத்த வருஷம்னு சொன்னீங்க மாமா. ஒரு போல்ட்ட மாத்த மூணு மாசம். எனக்கும் வயசாகுதுல்ல? இங்க வண்டிய குடுத்து, ஓட்டுன்னு சொன்னாங்க."

அதில் கொஞ்சம் உண்மை இருந்ததுதான் அட்டைக்கு அதிகமாக எரிந்தது. முழுப் பொய்யாக இருந்தால் ஒரு அறை விட்டுவிட்டு வந்திருக்கலாம். "என்கிட்ட கேட்டிருந்தா நானே அட்டைய கட்டிக் குடுத்திருப்பேனேடா" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. ஏனென்றால் அப்போதுதான் வாரைப் பார்த்தார். வண்டி நிற்கும்போது எல்லா வாரும் தொய்வாகத்தான் இருக்கும். ஆனால் இது துணிக்கொடி மாதிரி தொங்கியது.

"வார் எவ்வளவு வெச்சிருக்கீங்க?"

"அறுபத்திரண்டு."

"எங்கிருந்து எடுத்தது?"

"உங்க நோட்டுலதான். போட்டோ எடுத்துக் குடுத்தேன்." திருட்டை ஒப்புக்கொண்டதில் அவனுக்கே ஒரு பாரம் இறங்கியது போலிருந்தது.

அட்டை காத்திருந்தார். இரண்டு வருடம் தினம் தினம் அவன் கேட்ட கேள்வி. சோறு சாப்பிடும்போது கேட்டது, வயதைப் பார்த்துக் கேட்டது. அவன் கண்ணில் அது எழும் என்று பார்த்துக்கொண்டே நின்றார். எழவில்லை. அவன் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தான்.

திருடியதைக்கூட எப்படியாவது செரித்திருப்பார். அவன் மறந்ததைத்தான் செரிக்க முடியவில்லை.

திரும்பினார். நாலு அடி நடந்தார். பேசாமலே இருந்துவிட்டால் முதல் மேட்டிலேயே கணக்கு தீர்ந்துவிடும். அந்த நினைப்பு ஒரு மூச்சு நேரம் இனிப்பாகக்கூட இருந்தது. எதிரே மனைவி வந்துகொண்டிருந்தாள். மஞ்சள் வண்டியையும் தம்பியையும் பார்த்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணிட்டானா?" என்றாள். பிறகு, அவர் முகத்தைப் படித்து, "வேற என்னங்க?" என்றாள்.

அட்டை மறுபடி திரும்பினார். மச்சினன் சீட்டில் ஏறி பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தான். ஜன்னலில் கை வைத்தார்.

"பத்து கழிச்சாச்சா?"

மச்சினன் பழக்கத்தில் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. முகத்திலிருந்து ரத்தம் இறங்குவது ஹெல்மெட்டுக்குள்ளேயே தெரிந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான்.

"என்ன பத்து?" என்றார் முதலாளி.

"மாமா, நான்…" என்றான் மச்சினன்.

"அம்பத்திரண்டுல வை" என்று சொல்லிவிட்டு அட்டை நடந்தார். அவன் பின்னாலேயே வந்தான். மனைவி நடுவில் நின்றாள். "போய் வாரை மாத்து" என்றாள் தம்பியிடம். "அப்புறம் கொஞ்ச நாளைக்கு வீட்டுப் பக்கம் வராத."

வாரை மாற்றிக்கொண்டு மஞ்சள் வண்டி இரண்டாவதாக வந்தது. பள்ளங்களில் அது மிதந்த அழகை அட்டை கடைசிக்கு முந்தின இடத்தில் இருந்தபடி, தூசிக்கு நடுவே கண்ணாரக் கண்டார். சரியாகத்தான் வேலை செய்தது. யார் செய்த வேலை! ஒலிபெருக்கியில் அந்த ஓட்டையைப் பற்றித் தனியாகப் புகழ்ந்தார்கள். அடுத்த மாதத்துக்குள் மூன்று வண்டிகளில் அதே ஓட்டை வந்துவிட்டது.

மறுநாள் அட்டை கடைக்குப் போய்ப் புது டேப் வாங்கினார். சுழியத்தில் தொடங்கும் டேப். பழையதைத் தூக்கிப் போடாமல் ஆணியில் மாட்டினார். ஓர் இடைவெளிக்குப் பைப் ஒன்று தேவைப்பட்டது. மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாததால் செங்கல் வைத்து அளந்தார், நாற்பது சென்டிமீட்டர். கோடு போட்டார், வெட்டினார். எடுத்து வைத்துப் பார்த்தால் முப்பதுதான் இருந்தது.

குட்டைப் பைப்பைப் பழைய டேப்புக்குக் கீழே சாய்த்து வைத்தார். ஒர்க் ஷாப்பில் யாரும் எதுவும் கேட்கவில்லை.